லைடன் நகரில் ஒரு முழு நாள்: தண்ணீரை ஒட்டியே நடந்தால் போதும்

மெதுநடை எழுதியது:

ஆம்ஸ்டர்டாம் போகிறவர்களில் பலர் இங்கே வந்து "பக்கத்தில் ஒரு நாளுக்கு எங்கே போகலாம்?" என்று கேட்கிறீர்கள். நான் சொல்வது லைடன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் சுமார் 35 நிமிடம். விமான நிலையத்திலிருந்து இன்னும் பக்கம். ஆனால் ஒரு முழு நாள் கொடுங்கள். காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு வேறு ஊருக்கு ஓடுவதாக இருந்தால், போகாமலே இருந்துவிடலாம் என்றுகூடச் சொல்வேன்.

நான் போனது இந்த ஜூன் முதல் சனிக்கிழமை. தனியாகத்தான் போனேன். நிலையத்தில் இறங்கியதும் கைபேசியைப் பைக்குள் போட்டேன். வழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். பழைய நகரத்தைச் சுற்றி அகழி ஓடுகிறது, உள்ளே கால்வாய்கள். எப்படிப் போனாலும் ஏதாவது ஒரு தண்ணீர் உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். நடந்து நடந்து ஊரைத் தாண்டிப் போய்விட முடியாது.

எல்லோரும் நிலையத்திலிருந்து நேராகக் கடைத்தெருவுக்குள் போகிறார்கள். நான் வலது பக்கமாக ஒதுங்கி மோர்ஸ்போர்ட் வாசலுக்குப் போனேன். 1669-இல் கட்டிய நகர வாயில். அதைத் தாண்டினால் கால்கவாட்டர் என்ற அகன்ற நீர்ப்பரப்பு. ஒரு பக்கம் பழைய சரக்குப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. எதிரே மரத் தூக்குப்பாலம், அதன் பக்கத்தில் காற்றாலை. காற்றாலை பழசு இல்லை, 1987-இல் பழைய வடிவத்தில் திரும்பக் கட்டியது. ஆனால் அந்த இடத்தில் காற்றாலை இருந்தாக வேண்டும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சந்தில்தான் 1606-இல் ரெம்பிராண்ட் பிறந்தார், மாவரைக்கும் ஆலைக்காரரின் பிள்ளையாக. "ஃபான் ரைன்" என்ற அவர் குடும்பப் பெயரிலேயே இந்த ஆறு இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் புறப்படும் ரைன் ஆற்றின் பழைய கிளை ஒன்று இந்த ஊரின் நடுவே ஓடிக் கடலுக்குப் போகிறது. அவர் பிறந்த வீடு இப்போது இல்லை, நினைவுக் கல் மட்டும்தான். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தண்ணீர் மேல் அந்த வெளிச்சம் அப்படியே இருக்கிறது. ஒரு பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ராப்பன்பர்க் கால்வாய். இதைப் பற்றி எழுதத்தான் இந்த இழையையே தொடங்கினேன். இரண்டு கரையிலும் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் உயரமான ஜன்னல்கள் வைத்த செங்கல் வீடுகள், நடுவே லேசாக வளைந்து போகும் கால்வாய். அந்த வளைவுதான் விஷயம். நேர்க்கோடாக இருந்தால் நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்துவிடும். இங்கே பத்து அடி வைத்தால்தான் அடுத்த பாலம் கண்ணில் படுகிறது, இன்னும் பத்து அடி வைத்தால் அடுத்த வீட்டின் முகப்பு. பாலத்தின் வளைவு தண்ணீரில் விழுந்து முழு வட்டமாகத் தெரிகிறது. ஒரு சிறு படகு வந்தது. பாலம் அவ்வளவு தாழ்வு. படகில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒன்றாகக் குனிந்து, மறுபக்கம் வந்து ஒன்றாக நிமிர்ந்தார்கள். வட்டம் உடைந்து நெளிந்து, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கூடியது. இது நடந்து முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதற்காகவே அடுத்த படகு வரும்வரை நின்றேன்.

அதே கரையில் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம், அதன் பின்னால் ஹார்ட்டஸ் என்ற தாவரத் தோட்டம். 1590-இல் தொடங்கியது. இந்த நாட்டில் துலிப் மலர்களை முதலில் வளர்த்த இடங்களில் ஒன்று. க்ளூசியஸ் என்ற தாவரவியலாளரின் பொறுப்பில் 1594-இல் இங்கே துலிப் பூத்தது. எனக்குப் பிடித்தது துலிப் அல்ல. 1601-இல் நட்ட ஒரு மரம் அங்கே நிற்கிறது. பூச்சரம் மஞ்சளாகத் தொங்குகிறது. பார்த்த கணமே "சரக்கொன்றை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சரக்கொன்றை இல்லை, அதைப் போலவே சரம் விடும் ஐரோப்பிய மரம். பூ முடியும் பருவம், கீழே கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. நானூறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்று பூக்கிறது.

மதியம் சந்தை, மாலையில் கோட்டை மேடு, அப்புறம் முற்ற வீடுகள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம். மற்றவர்களும் எழுதுங்கள்.

---

விரைவு வண்டி எழுதியது:

நல்ல பதிவு. ஆனால் நான் மாறுபடுகிறேன்.

நம்மில் பெரும்பாலோருக்கு ஐரோப்பியப் பயணம் வாழ்க்கையில் ஒருமுறை, அதிகம் போனால் இரண்டுமுறை. விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் என்று லட்சக்கணக்கில் போட்டு வருகிறோம். கையில் பத்து நாள்தான். அதில் ஒரு நாளை முழுதாக ஒரு சிறிய ஊருக்குக் கொடுத்து, அதிலும் முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்காருங்கள் என்றால் எத்தனை பேரால் முடியும்? நான் போன ஆண்டு லைடனில் மூன்று மணி நேரம் இருந்தேன். காற்றாலை, பெரிய தேவாலயம், கோட்டை, கால்வாய் எல்லாம் பார்த்துவிட்டு ஹேக் நகருக்குப் போனேன். ரயிலில் கால் மணி நேரம்தான். மூன்று மணி நேரம் எனக்குப் போதுமானதாகவே இருந்தது.

இன்னொன்று, கால்வாய் நகரத்தைப் படகிலிருந்து பார்ப்பதுதான் முறை. அந்தக் காலத்தில் சரக்கும் ஆளும் படகில்தானே வந்தார்கள்? வீடுகளின் முகப்பும் தண்ணீரைப் பார்த்துத்தானே இருக்கிறது? நடந்தால் கால் வலிதான் மிச்சம்.

---

மெதுநடை எழுதியது:

விரைவு வண்டி சார், உங்கள் கணக்கு புரிகிறது. பணமும் நாளும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதனாலேயே நான் எதிர்ப்பக்கம் போகிறேன். பத்து நாளில் பன்னிரண்டு ஊர் போனவர்களிடம் ஒரு வருடம் கழித்துக் கேட்டால், எந்தத் தேவாலயம் எந்த ஊர் என்பதே குழம்பிவிடுகிறது. என் அண்ணன் குடும்பம் அப்படித்தான் போய்வந்தது. படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணனும் அண்ணியும் ஊர்ப் பெயருக்கு வாதாடுவார்கள். எனக்கு அந்தப் பாலத்து வட்டம் சாகும்வரை மறக்காது.

படகைப் பற்றி: படகு நிற்காது. கரையில் நடப்பவருக்கு நிற்கும் உரிமை இருக்கிறது. ஒரு கதவின் மேல் ஆண்டு பொறித்த கல், ஒரு ஜன்னலில் தூங்கும் பூனை, படியில் உட்கார்ந்து படிக்கும் மாணவி. இவற்றுக்காக நிற்பதுதான் என் நாள்.

---

அகழி ஓரம் எழுதியது:

நான் லைடனில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கேயே முதுகலை படித்து, இங்கேயே வேலை. மெதுநடை அக்கா எழுதியதைப் படித்து நெகிழ்ந்துவிட்டேன். தினமும் சைக்கிளில் கடக்கிற இடங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அந்த மஞ்சள் சர மரத்தின் எல்லாப் பாகமும் நஞ்சு. சரக்கொன்றை மாதிரி இருக்கிறதே என்று குழந்தைகள் பூவையோ காயையோ கையில் எடுக்க விடாதீர்கள்.

இப்போது சில சேர்க்கைகள். இந்த ஊரில் சுமார் 28 கிலோமீட்டர் நீர்வழியும் 88 பாலங்களும் இருப்பதாகக் கணக்கு. ஒரு காலத்தில் இன்னும் அதிகம் இருந்தது. தெருப் பெயர் "கிராக்ட்" என்று முடிந்தால் கால்வாய் என்று பொருள். ஹோய்கிராக்ட், லாங்ககிராக்ட் என்ற தெருக்களுக்குப் போய்ப் பாருங்கள், சொட்டுத் தண்ணீர் இருக்காது. தூர்த்துச் சாலையாக்கிவிட்டார்கள். தெரு தேவைக்கு மேல் அகலமாக இருந்தால், பெயர்ப் பலகையைப் பாருங்கள். நம்மூரில் ஏரி என்ற பெயரில் பேருந்து நிலையம் இருப்பது போலத்தான்.

அதே போல ராப்பன்பர்க் தெற்கே நீளும் இடத்தில் ஒரு பெரிய வெற்றிடம் வரும். ஒரு கரையில் பூங்கா, எதிர்க்கரையில் நீண்ட பழைய கட்டடம். இவ்வளவு நெருக்கமாக வீடு கட்டிய ஊரில் நடுவில் எப்படி இவ்வளவு பெரிய பூங்கா என்று யாரும் யோசிப்பதில்லை. 1807 ஜனவரி 12 அன்று அந்தக் கால்வாயில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று நின்றிருந்தது. மாலை நேரத்தில் வெடித்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள், சுற்றியிருந்த தெருக்கள் தரைமட்டம். நெடுங்காலம் அந்த இடம் வெறும் இடிபாடாகவே கிடந்தது. பிறகு ஒரு கரையில் பூங்காவும் மறுகரையில் ஆய்வகமும் வந்தன. 1908-இல் இயற்பியலாளர் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கியது அந்த ஆய்வகத்தில்தான். 1911-இல் மீகடத்துதிறனை, அதாவது கடுங்குளிரில் சில பொருள்களின் மின்தடை மறைந்துவிடுவதை, கண்டறிந்ததும் அங்கேதான். இப்போது சட்டத் துறை இயங்குகிறது. பூங்காவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். நான் மதியச் சாப்பாட்டை அங்கே புல்லில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். குளிர்காலத்தில், மரத்தில் இலை இல்லாதபோது, அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

பல்கலைக்கழகக் கட்டடத்தில் "வியர்வை அறை" என்று ஒன்று உண்டு. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் சின்ன அறை. பட்டம் வாங்கியதும் அதன் சுவரில் கையெழுத்துப் போடுவது வழக்கம். தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள், ஒன்றன் மேல் ஒன்று. இடமே இல்லை. நான் கதவின் ஓரமாக, குனிந்தால் தெரிகிற உயரத்தில், தமிழில் எழுதினேன். பேனா அந்தச் சுவரில் சரியாக ஓடவில்லை, என் பெயரின் கடைசிப் புள்ளியை மூன்று முறை வைக்க வேண்டியிருந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது படம் எடுத்து அனுப்பினேன்.

இன்னும் ஒன்று, தலையை நிமிர்த்தி நடங்கள். வீட்டுச் சுவர்களில் கவிதைகள் எழுதியிருக்கும். 1992-இல் ஒரு ரஷ்ய மொழிக் கவிதையில் தொடங்கியது, இன்று நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றும் எழுதியவரின் சொந்த மொழியில், சொந்த எழுத்தில். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஒரு செங்கல் சுவரில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். பிறகு இயற்பியல் சமன்பாடுகளையும் வரையத் தொடங்கினார்கள். ஐன்ஸ்டீனின் புலச் சமன்பாடு அறிவியல் அருங்காட்சியகத்தின் சுவரில் இருக்கிறது. அவர் இங்கே அடிக்கடி வந்து பாடம் எடுத்தவர்.

---

விரைவு வண்டி எழுதியது:

அகழி ஓரம் தம்பி, ஒரு நிமிடம். காமர்லிங் ஓனஸின் ஆய்வகம் அந்தக் கால்வாய்க் கரையிலா இருக்கிறது?

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவன். இருபத்தாறு ஆண்டுகள். மீகடத்துதிறன் பாடம் வரும்போதெல்லாம் அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறேன். மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் லைடன் ஜாடி, 1746, அதையும் படம் வரைந்து காட்டுகிறேன். ஒளிவிலகல் விதி தந்த ஸ்நெல்லும் அந்த ஊர்க்காரர்தான். இதெல்லாம் தெரிந்தும், அந்த ஊரில் மூன்று மணி நேரம் இருந்தும், அந்தப் பூங்கா வழியாகவே போயிருக்கிறேன். என் படங்களைத் திறந்து பார்த்தேன். ஒரு படத்தின் பின்னணியில் நீங்கள் சொல்லும் நீண்ட கட்டடம் தெரிகிறது. என்ன கட்டடம் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

மனசு ஆறவில்லை.

---

மெதுநடை எழுதியது:

சார், அந்தப் படத்தை வகுப்பில் காட்டுங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

---

பொன்னி நாடன் எழுதியது:

எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். லைடன் என்ற பெயரை ஐரோப்பா பற்றி எதுவும் தெரியாத வயதிலேயே கேட்டவன் நான். எல்லாம் செப்பேட்டினால். ஆனைமங்கலச் செப்பேடுகளை ஆய்வாளர்கள் லைடன் செப்பேடுகள் என்று சொல்வது இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தால்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தார். அதைச் செப்பேட்டில் பதித்தது ராஜேந்திரன் காலத்தில். பெரிய தொகுதியில் 21 ஏடுகள், 5 வடமொழி, 16 தமிழ், எல்லாம் சோழ முத்திரை வைத்த வளையத்தில் கோத்தவை. சுமார் 30 கிலோ எடை. சிறிய தொகுதி முதலாம் குலோத்துங்கன் காலத்தது, 3 ஏடுகள். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை வைத்திருந்த காலத்தில் கடல் தாண்டிப் போய், 1862-இல் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன.

மெதுநடை அம்மா நடையைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன். அந்தச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியே ஒரு நடைதான். ஊரின் எல்லையை வகுக்கப் பெண் யானையை நடத்தி, அது போன வழியைப் பின்தொடர்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டினார்கள். இந்த வாய்க்காலுக்கு மேற்கு, இந்த ஊர் நிலத்துக்கு வடக்கு என்று எல்லை ஒவ்வொன்றாக வரும். வாய்க்கால் பெயர்களை வாசித்தால் எங்கள் ஊர் வரப்பில் நடப்பது மாதிரி இருக்கும்.

நூலகத்தைப் பார்த்தீர்களா அம்மா? எப்படி இருந்தது?

---

மெதுநடை எழுதியது:

பார்த்தேன். வெளியிலிருந்து மட்டும். தோட்டத்திலிருந்து அகழிக் கரையோடு கொஞ்ச தூரம் போய்ப் பாலம் தாண்டினால் வருகிறது. பழைய அரண்மனை மாதிரி எதிர்பார்த்திருந்தேன், 1980-களில் கட்டிய பெரிய நவீனக் கட்டடம். வாசல் முழுக்க மாணவர்களின் சைக்கிள்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. அகழிக் கரையில் நின்று கொஞ்ச நேரம் கட்டடத்தையே பார்த்தேன். உள்ளே ராஜராஜன் பெயர் தமிழில் இருக்கிறது என்ற நினைப்பு ஒரு மாதிரி தொண்டையை அடைத்தது.

பெண் யானை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்து போயிருந்தால் இன்னும் அதிக நேரம் நின்றிருப்பேன்.

---

பொன்னி நாடன் எழுதியது:

அவை ஊர் திரும்ப வேண்டும் என்பது என் விருப்பம். அதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே நடையைக் கெடுக்க வேண்டாம்.

---

செல்லம்மா மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறேன், ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் இருக்கிறாள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, கைத்தடியோடு நடப்பார்கள். மெதுவாக நடக்கிற நாள் என்றதும் இந்த இழையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்கு இது முடியுமா? இன்னொரு விஷயம், அம்மா சுத்த சைவம். முட்டையும் கிடையாது.

---

அகழி ஓரம் எழுதியது:

தாராளமாக முடியும் அக்கா, ஆனால் மெதுநடை அக்கா போன பாதை முழுவதும் வேண்டாம்.

ஊர் தட்டையானது. ஏற்றம் என்றால் கோட்டை மேடு ஒன்றுதான். பாலங்களில் கொஞ்சம் முதுகு உயரும், அவ்வளவே. சிரமம் தரை. தெருவெல்லாம் செங்கல் பாவியது, சில இடங்களில் உருண்டைக் கல். மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடி வைத்த செருப்பு, தடியின் நுனியில் புது ரப்பர், இந்த இரண்டும் முக்கியம். கால்வாய்க் கரையில் பெரும்பாலும் தடுப்புக் கம்பி கிடையாது, அம்மாவைச் சுவர்ப் பக்கம் நடக்க வையுங்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வரும். தெருவைக் கடக்கும்போது இடையில் தயங்கி நிற்கக் கூடாது, அவர்கள் நம் நடையைக் கணக்குப் போட்டுத்தான் ஒதுங்குகிறார்கள்.

விரைவு வண்டி சார் சொன்ன படகு அம்மாவுக்குப் பொருந்தும். சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றலாம். படகு வேண்டுமா நடை வேண்டுமா என்ற வாதத்தில் நான் இரண்டு பக்கமும் இல்லை. பாலத்தின் அடிவயிற்றைப் படகிலிருந்து மட்டுமே பார்க்க முடியும், வீட்டுக் கதவைக் கரையிலிருந்து மட்டுமே.

முற்ற வீடுகளைத் தவறவிடாதீர்கள். ஹோஃப்யே என்பார்கள். அந்தக் காலத்தில் வசதி படைத்தவர்கள் ஏழை முதியவர்களுக்காகக் கட்டி வைத்த சிறு வீடுகள், நடுவில் தோட்டம், தெருவுக்கு ஒரே ஒரு கதவு. ஊரில் 35 இருக்கின்றன. பீட்டர் தேவாலயத்துக்கு எதிரே உள்ளது 1683-இல் கட்டியது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த வீட்டில்தான், இங்கிலாந்திலிருந்து மதக் காரணத்துக்காகத் தப்பி வந்தவர்களின் போதகர் ஜான் ராபின்சன் வாழ்ந்தார். அவர் சபையில் ஒரு பகுதியினர் 1620-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர் இங்கேயே இருந்து 1625-இல் இறந்து அந்தத் தேவாலயத்திலேயே அடக்கமானார். முற்றங்களில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பேச்சைக் குறைத்து, ஜன்னலுக்குள் பார்க்காமல், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வர வேண்டும். கதவு சாத்தியிருந்தால் தட்ட வேண்டாம்.

போவது சனி அல்லது புதன் என்றால் நியூவ ரைன் கரையில் சந்தை. முழு ஊரிலும் எனக்கு உயிரான இடம் அதுதான். அங்கே ஒரு பாலத்துக்குக் கூரை உண்டு. கோர்ன்ப்ரக், தானியப் பாலம். மூட்டைகள் மழையில் நனையாமல் இருக்க 1825-இல் கூரை போட்டார்கள். தூண்களும் கூரையுமாக நம்மூர்க் கோயில் மண்டபம் மாதிரி இருக்கும். அம்மா அங்கே நிழலில் இளைப்பாறலாம்.

---

சமையலறை ஜன்னல் எழுதியது:

சைவச் சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன், இரண்டு வருடம் அங்கே பக்கத்து ஊரில் இருந்தவள்.

சந்தையில் சீஸ் வண்டிக்குப் போங்கள். லைடன் சீஸ் என்றே ஒன்று உண்டு. உள்ளே சீரகம்! நம் சீரகமேதான். வெண்ணெய் எடுத்துவிட்ட பாலில் செய்வதால் கெட்டியாக, கொஞ்சம் உலர்ந்தாற்போல இருக்கும். பண்ணைகளில் செய்வதன் மேல்தோல் செம்பழுப்பு, அதில் ஊரின் சின்னமான குறுக்குச் சாவிகள் பதிந்திருக்கும். கடைக்காரர் மெல்லிய சீவலாக வெட்டி ருசி பார்க்கக் கொடுப்பார். வாயில் வைத்ததும் முதலில் உப்பு, மெல்ல மெல்லச் சீரகம். எனக்கு ரசத்துக்கு வறுக்கிற வாசனை வந்து நின்றுவிட்டது. ஆனால் செல்லம்மா மகள், ஒன்று கவனியுங்கள். பாரம்பரிய சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்ப்பார்கள். அம்மா சுத்த சைவம் என்றால் கேட்டு வாங்குங்கள், தாவர உறைபொருள் போட்ட சீஸும் கிடைக்கும்.

அப்பத்தில் முட்டை உண்டு, கேக்கிலும் உண்டு. வறுத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, பழம், சந்தையில் சூடாக வறுத்த கடலை. கையில் தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரைப் பெஞ்சில் சாப்பிடுங்கள். நான் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு வாத்து வந்து நிற்கும்.

---

விரைவு வண்டி எழுதியது:

செல்லம்மா மகளுக்கு ஒரு சொல்: அக்டோபர் 3 அன்று மட்டும் போய்விடாதீர்கள். நான் போனது அந்த நாள். ஊர் முழுக்கத் திருவிழா, கடைகள் மூடல், தெருவில் நகர இடமில்லை. கையில் பெட்டி வேறு. பெட்டி வைக்கும் இடத்தில் ஒன்றுகூடக் காலியில்லை, இழுத்துக்கொண்டே அலைந்தேன். மூன்று மணி நேரத்தில் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று என்ன விழா என்றுகூடச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை.

---

அகழி ஓரம் எழுதியது:

சார், நீங்கள் போனது ஊரின் ஆகப் பெரிய நாள்!

1574-இல் ஸ்பானியப் படை இந்த ஊரை முற்றுகையிட்டது. மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை உள்ளே உணவு போகவில்லை. பசியிலும் கொள்ளைநோயிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கடைசியில் டச்சுக்காரர்கள் தங்கள் கரைகளைத் தாங்களே வெட்டிவிட்டார்கள். விளைநிலமெல்லாம் மூழ்கினாலும் பரவாயில்லை என்று கடலையும் ஆற்றையும் உள்ளே விட்டார்கள். முதலில் நீர் போதவில்லை. காற்று திரும்பி மழையும் சேர்ந்தபோதுதான் நீர் ஏறியது, தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள் வயல் மேலேயே மிதந்து ஊருக்கு வந்தன. ஸ்பானியர்கள் இரவோடு இரவாக ஓடினார்கள். அக்டோபர் 3 காலையில் படகில் வந்தவர்கள் பசித்த ஜனங்களுக்குக் கொடுத்தது ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். இன்றைக்கும் அன்று காலை, பழைய எடை நிலையத்தில் அதையே கொடுக்கிறார்கள். அன்று வீடுகளில் கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு மசித்த கூட்டு. ஸ்பானியர் விட்டுப்போன பானையில் ஒரு சிறுவன் கண்டது என்று கதை. மறு ஆண்டே, 1575-இல், இந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் வந்தது.

கோட்டை மேட்டின் வட்டச் சுவர் மேல் ஏறிச் சுற்றி வாருங்கள், கட்டணம் இல்லை. 11-ஆம் நூற்றாண்டில் மண்ணைக் கொட்டி எழுப்பிய மேடு. மேலே நின்றால் எல்லாப் பக்கமும் ஓட்டுக்கூரைகளும் இரண்டு பெரிய தேவாலயங்களும். அதைத் தாண்டித் தட்டையான நிலம். அந்த நிலமெல்லாம் அப்போது தண்ணீராக இருந்தது என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். நான் புதிதாக வருகிற யாரையும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

---

விரைவு வண்டி எழுதியது:

அடுத்த முறை அங்கே ஒரு முழு நாள். எழுதி வைத்துவிட்டேன். படகு விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

---

செல்லம்மா மகள் எழுதியது:

போய் வந்துவிட்டோம்! செப்டம்பர், ஒரு புதன்கிழமை. எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன்.

காலையில் தூறல். அம்மா ரயிலிலேயே "திரும்பிடலாமா" என்றார்கள். இறங்கியபோது நின்றுவிட்டது. கால்கவாட்டர் கரைப் பெஞ்ச் ஈரமாக இருந்தது, தங்கை தன் துப்பட்டாவை மடித்துப் போட்டாள். படகிலும் போனோம். பாலம் வரும்போதெல்லாம் படகோட்டி கை காட்டுவார், எல்லோரும் குனிவோம். அம்மா உட்கார்ந்த உயரத்துக்குக் குனியவே தேவையில்லை, இருந்தும் ஒவ்வொரு பாலத்துக்கும் குனிந்தார்கள். ஒரு பாலத்தின் அடியில் கையை உயர்த்திக் கல்லைத் தொட்டுவிட்டார்கள். ஈரமாக, பாசியோடு இருந்தது. விரலை முகர்ந்து பார்த்து "கிணத்தடி வாசனை" என்றார்கள்.

சந்தையில் தாவர உறைபொருள் போட்ட சீரகச் சீஸ் கிடைத்தது. அம்மா ஒரு சீவலை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார்கள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று சொல்லவில்லை, ஆனால் கால் கிலோ வாங்கச் சொன்னார்கள். கூரைப் பாலத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். தயிர் சாதம் அங்கேதான். வாத்து நிஜமாகவே வந்தது.

கோட்டை மேடு அம்மாவால் முடியவில்லை, தங்கை மட்டும் ஏறினாள். அந்த நேரத்தில் நானும் அம்மாவும் ஒரு முற்றத்துக்குள் போனோம். பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, அம்மாவின் தடியைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. பாட்டி தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அம்மாவும் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்கள். பாட்டி ஒரு சட்டியில் இருந்த செடியின் இலையைக் கிள்ளி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். புதினா.

நிலையத்துக்கு வந்து ரயில் ஏறும்போதுதான் அம்மாவின் கையில் தடி இல்லை என்று பார்த்தோம். தங்கை ஓடினாள். முற்றத்துக் கதவுக்கு வெளியே, தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி, ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்திருந்தது.